கதை முடிந்ததும் கேள்வி வேண்டாம்

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. இருவரும் எந்நேரமும் திரையிலேயே கிடக்கிறார்களே என்று, தினமும் இரவு 8 மணிக்கு அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து புத்தகம் படிப்பதாக முடிவு செய்தோம். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது 8 மணி ஆனாலே சண்டை. மகள் நன்றாகப் படிப்பாள், ஆனால் 'நீயே படி' என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். கதை முடிந்ததும் நாலு கேள்வி கேட்பேன், பதிலே வருவதில்லை. மகன் ஒரே புத்தகத்தைத்தான் கேட்கிறான். அதையும் முழுதாகக் கேட்பதில்லை. நடுவில் பக்கத்தைப் புரட்டுகிறான், எழுந்து ஓடுகிறான். கணவர் களைத்துப்போய் வருகிறார், 'எனக்கு இதெல்லாம் வராது' என்கிறார். மாமியாருக்கு எழுத்து தெரியாது. அந்த நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். சின்ன வயதில் எனக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை, சத்தமாகப் படித்தால் தடுமாறுகிறேன். எங்கே தவறு செய்கிறோம்? இன்னொன்று: மகன் தனக்குப் பிடித்த அந்தப் புத்தகத்தையே கிழித்துவிட்டான். அவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிறுவர் நூலகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது: 'கதை முடிந்ததும் நாலு கேள்வி கேட்பேன்'. கதையைப் பாடமாக மாற்றியது அந்த நாலு கேள்விதான்.

உங்கள் மகளின் இடத்தில் இருந்து பாருங்கள். பகல் முழுக்க வகுப்பில் வாய்விட்டுப் படித்திருப்பாள். தப்பு வந்த இடத்தில் யாராவது திருத்தியிருப்பார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பாள். இரவு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாடா என்று தோளில் சாய்கிற நேரத்தில், 'இந்தக் கதையில் யார் நல்லவர்? ஏன்?' என்று மறுபடியும் வகுப்பு தொடங்குகிறது. பதில் தெரியாததால் அவள் வாயை மூடிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. கதை அவளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதற்குள் கணக்குக் கேட்டுவிடுகிறோம். நல்ல கதை ஒன்றைக் கேட்டு முடித்ததும் பெரியவர்களுக்கே கொஞ்ச நேரம் பேச்சு வராதில்லையா?

அப்புறம், 'நீயே படி' என்று அவள் சொல்வதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தியாகப் பட்டது. கதை பிடிக்காத பிள்ளை 'வேண்டாம்' என்றுதான் சொல்லும். இவள் கதையைக் கேட்கிறாள், உங்கள் குரலில் கேட்கிறாள். 'படிக்கத் தெரிந்துவிட்டது, இனி நீயே படித்துக்கொள்' என்று 6, 7 வயதில் கைவிடப்படும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். படிக்கக் கற்றதற்குத் தண்டனையாக அம்மாவின் மடி பறிபோன மாதிரி அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 7 வயதில் ஒரு பிள்ளை கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளும் கதையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் கதையும் ஒரே அளவில் இருக்காது. தானே படிக்கும்போது எழுத்துகளைக் கூட்டி வார்த்தையாக்குவதிலேயே பாதி சக்தி போய்விடும். காதால் கேட்கும்போது அந்தச் சுமை கிடையாது, அதனால் நீளமான, சிக்கலான கதையைக்கூடச் சிரமமில்லாமல் பின்தொடர்வாள். இந்த இடைவெளி ஏறத்தாழ 13 வயது வரைக்கும் இருக்கும் என்பது வாசிப்பு பற்றி ஆராய்பவர்களின் பொதுவான கணிப்பு. ஆக, அவளுக்கு நீங்கள் படித்துக் காட்டுவதை நிறுத்தினால், அவள் மனதுக்கு ஏற்ற கதையைப் பறித்துக்கொண்டு அவள் கண்ணுக்கு எட்டுகிற கதையை மட்டும் கையில் கொடுத்ததாகிவிடும்.

அவளுக்கு அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற ஒரு கதைப் புத்தகத்தை எடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். கதவு திறக்கப்போகிறது, உள்ளே யார் என்று தெரியவில்லை என்கிற மாதிரி இடம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் உங்களுக்குத் தெரியாமல் நாலு பக்கம் நகர்ந்திருந்தால் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், பாராட்டவும் வேண்டாம். 'படிச்சியா! சமர்த்து!' என்று சொன்ன நிமிடமே அது வீட்டுப்பாடமாகிவிடும். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். 'அது எனக்குத் தெரியும்!' என்று அவளே குதிப்பாள்.

சத்தமாகப் படிக்க அவளாகவே வந்தால் ஒரு பாத்திரத்தின் பேச்சை மட்டும் அவளிடம் விடுங்கள். கிழவிக்கு நீங்கள், பூனைக்கு அவள் என்று. தப்பாகப் படித்தாலும் கதை புரிகிறதென்றால் விட்டுவிடுங்கள். தடுமாறினால் ஒரு மூச்சு பொறுத்து, நீங்களே அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள். நாளைக்கு அதே வார்த்தை மறுபடி வரும்.

சரி, 'கேள்வி கேட்பது நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்' என்பீர்கள். உண்மைதான். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே புத்தகம் படித்துக் காட்டிவந்த பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் எப்போதும் போலவே படித்தார்கள். மற்றவர்களுக்குக் குழந்தையைப் பேசவைத்துப் படிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு ஏறத்தாழ 2 வயதிலிருந்து 3 வயதுக்குள். நாலே வாரத்தில் இரண்டாவது குழுவின் குழந்தைகள் பேச்சில் முன்னே போயிருந்தார்கள். இத்தனைக்கும் இரண்டு குழுவும் புத்தகத்தைக் கையில் எடுத்த தடவைகளில் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி வேறு, கதை முடிந்ததும் நாம் கேட்கிற கேள்வி வேறு. நம்முடைய கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நமக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கும் அது புரியும். அதனால்தான் அதைத் தேர்வு என்று நினைக்கிறது. அவர்களுடையது பேச்சுத் துணை. அது எப்படியிருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்தே காட்டுகிறேன்.

படத்தில் மழை. ஒரு பெஞ்சுக்கு அடியில் நாய் ஒன்று ஒதுங்கியிருக்கிறது. பெஞ்சின் மேல் யாரோ விட்டுப்போன சிவப்புக் குடை. உங்கள் மகன் நாயைத் தொட்டு 'நாய்' என்கிறான். இந்த இடத்தில் 'இது என்ன நிறம்? நாய் எப்படிக் கத்தும்? எத்தனை கால்?' என்று கேட்டால் மூன்று பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, 'ஆமாம், நனைஞ்ச நாய்' என்று ஒரே ஒரு வார்த்தையைக் கூட்டிக் கொடுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். இதுதான் சிரமமான வேலை. ஐந்து வினாடி சும்மா இருப்பது நமக்கு ஐந்து நிமிடம் போலத் தெரியும். 3 வயதுப் பிள்ளைக்கு வார்த்தை தேட அந்த நேரம் வேண்டும். 'குளிருது' என்பான். 'ஆமாம், குளிருது. நனைஞ்ச நாய்க்குக் குளிருது. இப்ப என்ன பண்ணலாம்?' என்று கேளுங்கள். அவன் குடையைத் தொடுவான், அல்லது உங்கள் புடவைத் தலைப்பை இழுத்துப் படத்தின் மேல் போர்த்துவான். அவன் எது செய்தாலும் சரிதான். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தெரிகிறது. ஒரு பக்கத்தில் இப்படி ஒருமுறை நடந்தால் போதும். பக்கத்துக்குப் பக்கம் செய்தால் கதை அறுந்துபோய் அவனுக்கே எரிச்சல் வரும்.

மகளிடம் இதையும் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் சொல்லுங்கள். 'அந்தப் பெண் தம்பியை விட்டுவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவே இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். அவள் கட்டாயம் அந்தப் பெண்ணுக்காக வாதாடுவாள்.

மகன் ஒரே புத்தகத்தைக் கேட்பது பற்றி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-இல் 3 வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று முறை போய்க் கதை படித்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் அதே கதைகள், சிலருக்கு வேறு வேறு கதைகள். கதைகளுக்குள் வைத்திருந்த புதிய வார்த்தைகளை இரு தரப்பினரும் ஒரே எண்ணிக்கையில்தான் கேட்டார்கள். ஆனால் அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் அந்த வார்த்தைகள் மனதில் நின்றன. யோசித்தால் இது நியாயம்தான். முதல் தடவை கதை எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். அடுத்த தடவை மூலையில் இருக்கிற பூச்சி கண்ணில் படும், அதற்கும் அடுத்த தடவை அது வரை கவனிக்காத ஒரு வார்த்தை காதில் விழும். நாற்பதாவது தடவை படிக்கும்போது உங்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு வரியின் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். அவன் சொல்வான். வரியை மாற்றிப் படித்தால் சண்டைக்கு வருவான். எழுத்து தெரியாமலே ஒரு புத்தகம் முழுவதும் அவனிடம் இருக்கிறது.

பக்கத்தை அவன் பின்னால் புரட்டுவதைத் தடுக்காதீர்கள். கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-இல் வந்தது. பெரியவர் கதை படிக்கும்போது, இன்னும் படிக்கக் கற்காத பிள்ளைகள் எழுத்தை அநேகமாகப் பார்ப்பதே இல்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. நீங்கள் எழுத்தைப் படித்து முடித்தீர்களா என்பது அவனுக்குக் கணக்கே இல்லை. அவனுடைய படம் பின்பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். போய்வரட்டும். எழுந்து ஓடினால் நீங்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருங்கள். நூலகத்தில் கதை நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் உருண்டுகொண்டிருந்த பிள்ளை, வாரக் கடைசியில் வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து அதே கதையைச் சொன்னதாகப் பெற்றோர் வந்து சொல்வது எனக்குப் பழகிப்போன விஷயம். காது உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்பதில்லை.

இதற்காக உங்கள் ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். 3 வயதுக்கும் 7 வயதுக்கும் சேர்த்து அரை மணி நேரம் என்பது இருவருக்குமே பொருந்தாது. சின்னவனுக்குப் பத்து நிமிடம், அவன் புத்தகம். அதில் அக்காவும் இருக்கலாம், படித்தும் காட்டலாம். இல்லையென்றால் பக்கத்தில் படம் வரையலாம். அவன் தூங்கிய பிறகோ அப்பாவிடம் போன பிறகோ பதினைந்து நிமிடம் பெரியவளுக்கு மட்டும். தம்பி பிறந்த பிறகு அம்மாவோடு தனியாக இருக்கிற நேரம் அவளுக்கு எவ்வளவு குறைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 8 மணிச் சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது என்று நான் சந்தேகிக்கிறேன். அலுப்பான நாளில் இரண்டு பக்கம் படித்தாலும் சரி, ஒரு நாள் விட்டுப்போனாலும் சரி, கணக்கு வைக்காதீர்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவிடுங்கள்.

உங்கள் கணவர் 'வராது' என்கிறார். எங்கள் நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு தந்தை மகனோடு வருவார். முதல் சில வாரங்கள் வாசலிலேயே நின்றுவிடுவார், கதைப் புத்தகம் என்றால் கூச்சம். ஒரு நாள் பையன் பெரிய பெரிய இயந்திரங்களின் படமுள்ள புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்தான். மண் அள்ளும் இயந்திரம். அவர் குனிந்து பார்த்தார். 'இந்தக் கை மடங்குது பாரு, அது எண்ணெய் அழுத்தத்துல. இந்தக் குழாய்க்குள்ள எண்ணெய் போகும்' என்று விரலால் அந்தக் குழாயின் மேல் கோடு போட்டுக் காட்டினார். பையன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அச்சிட்ட வரி ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. முக்கால் மணி நேரம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தை நாங்கள் மூன்று முறை தைத்துப் போட வேண்டியிருந்தது.

'வராது' என்கிற பல பேருக்கு வராதது கதைக் குரல்தான். விலங்கு, வண்டி, நட்சத்திரம், பந்து விளையாட்டு என்று தனக்குத் தெரிந்ததைப் பற்றிய புத்தகம் கையில் இருந்தால் அவர்களுக்குப் பேச்சு தானாக வரும். அவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து அப்படி ஒன்றை எடுத்து வாருங்கள். அவரிடம் கொடுக்க வேண்டாம், மகனிடம் கொடுங்கள். களைத்து வருகிற மனிதரிடம் இன்னொரு கடமையை நீட்டுவதும், பிள்ளை வந்து மடியில் ஏறுவதும் ஒன்றல்ல.

மாமியார் தனியாகப் போய் உட்காருவதுதான் இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம். 'குடும்ப வாசிப்பு நேரம்' என்று பெயர் வைத்ததுமே எழுத்து தெரியாதவருக்கு அங்கே இடமில்லை என்றாகிவிட்டது. நீங்கள் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொண்டிருப்பார். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, சிறுவர் நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படம் மட்டும்தான். அப்படி ஒன்றை அவரிடம் கொடுத்து, பேரனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர் சொல்கிற கதை ஒன்றாக இருக்கும், நீங்கள் சொல்வது வேறாக இருக்கும், பேத்தி இரண்டும் தப்பு என்பாள். அந்தப் புத்தகத்தை அவர் நம் யாரையும் விடக் குறைவாகப் படிக்கப்போவதில்லை. அந்தக் காலத்துக் கதைகளை நீட்டி முழக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்றால் இன்னும் அதிகமாகவே படிப்பார். வாரத்தில் ஒரு நாளாவது புத்தகமே இல்லாமல் அவர் கதை சொல்லட்டும். அதையும் 8 மணிக் கணக்கிலேயே சேருங்கள்.

உங்கள் தடுமாற்றத்துக்கு வருகிறேன். ஆண்டனி டிகாஸ்பர் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும் 1980-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரப்பர்க் காம்பைச் சப்புகிற விதத்துக்கு ஏற்ப, ஒலிக்கும் குரல் மாறும்படி அமைத்திருந்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், சப்புகிற விதத்தை மாற்றி, வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைத் தேடிக் கேட்டன. 1986-இல் இன்னொரு சோதனை. கர்ப்பத்தின் கடைசி 6 வாரங்களில் தாய்மார்கள் ஒரு கதைப் பகுதியைத் தினமும் இருமுறை சத்தமாகப் படித்தார்கள். பிறந்த பிறகு அந்தச் சிசுக்கள் புதிய கதையைவிட அந்தப் பழகிய கதையையே விரும்பிக் கேட்டன. உங்கள் குரல் நன்றாக இருக்கிறதா என்று உங்கள் பிள்ளைகள் எடை போட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கு அது பிறப்பதற்கு முன்பே பழகிய குரல்.

இருந்தாலும் கை உதறாமல் படிக்க ஒரு வழி உண்டு. இரவு படிக்கப்போகிற பக்கங்களைப் பகலில் ஒருமுறை உங்களுக்கென்று வாய்விட்டுப் படித்துவிடுங்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த வார்த்தை நாக்கில் புரளாது என்று தெரிந்துவிடும். நானும் கதை நேரத்துக்கு முன் அப்படித்தான் செய்கிறேன். நீங்கள் நினைக்கிற வேகத்தில் பாதி வேகத்தில் படியுங்கள். தப்பு வந்தால் 'அட, தப்பா படிச்சிட்டேன்' என்று சொல்லித் திரும்பப் படியுங்கள். பெரியவர்களும் தடுமாறித் திருத்திக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது உங்கள் மகளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! சின்ன வயதில் உங்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை என்றீர்கள். இந்தப் புத்தகங்களை உங்களுக்காகவும்தான் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் பிடித்துப்போனால் பிள்ளைகள் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

திரை விஷயத்தில் ஒன்றிரண்டு வார்த்தைதான் சொல்வேன். போனைப் பிடுங்கிப் புத்தகத்தைக் கொடுத்தால் புத்தகம் தண்டனையாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் பெரியவர்களின் போன் வேறு அறையில் இருக்கட்டும். புத்தகத்தையே திரையில் பார்க்கலாமே என்றால், 2019-இல் வந்த ஓர் ஆய்வில் 37 பெற்றோரையும் அவர்களுடைய 2, 3 வயதுக் குழந்தைகளையும் பார்த்தார்கள். அச்சுப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோதுதான் இரு தரப்பும் அதிகம் பேசினார்கள், திரையில் வந்த புத்தகத்தோடு பேச்சு குறைந்துவிட்டது. சின்னவனுக்கு இப்போதைக்குத் தாளே நல்லது.

கடைசியாக, கிழிந்த புத்தகம். ஒளித்துவைக்காதீர்கள். 3 வயதுப் பிள்ளை பிடிக்காத புத்தகத்தைக் கையிலேயே எடுக்காது. அவசரமாகப் புரட்டிப் பிடித்த படத்துக்குப் போகும்போதுதான் கிழியும். கிழிந்த துண்டு இன்னும் இருக்கிறதென்றால், இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இருவரும் சேர்ந்து ஒட்டுங்கள். சாதாரணச் செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை கசியும், அதனால் நூலகத்தில் பழைய அரிய புத்தகங்களுக்கு அதைத் தொடமாட்டோம். வீட்டில் தினமும் புரளுகிற புத்தகத்துக்கு அது போதும். கிழிசலின் இரண்டு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிற மாதிரி நீங்கள் வைத்துப் பிடியுங்கள். டேப்பை அவன் ஒட்டட்டும், கோணலாகத்தான் ஒட்டுவான், அப்படியே விடுங்கள். மேலே கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். அப்புறம் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்தப் பக்கம் வரும்போது புரட்டுகிற வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள். மெதுவாகப் புரட்டுவான், பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சிறுவர் நூலகர்